திருத்தச் சென்ற கடிதம்



மத்தேயு நற்செய்தி 18ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்றுத்தந்த ஒழுங்கு நம் எல்லாருக்கும் தெரியும். சகோதரர் ஒருவர் தவறு செய்தால், அவரும் நாமும் தனித்திருக்கும்போது முதலில் எடுத்துச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இன்னும் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அதற்கும் செவிசாய்க்காவிட்டால்தான் திருஅவையிடம் கொண்டுவர வேண்டும். மூன்றே படிகள். நம் பங்குகளிலோ பெரும்பாலும் இந்தப் படிகளைத் தலைகீழாக மிதிக்கிறோம். முதலில் ஊர் முழுக்கத் தெரிகிறது. பிறகு ஆயர் இல்லத்துக்கு மொட்டைக் கடிதம் போகிறது. எல்லாம் முடிந்த பிறகு கடைசியாகத்தான் சம்பந்தப்பட்டவர் காதுக்கு விஷயம் எட்டுகிறது. வாட்ஸ்அப் வந்தபின் இதன் வேகம் இன்னும் கூடியிருக்கிறது.

இது நம் காலத்துக்கு மட்டும் உரிய கோளாறு என்று எண்ண வேண்டாம். 1600 ஆண்டுகளுக்கு முன், திருஅவை இன்று மறைவல்லுநர்களாகப் போற்றும் இரண்டு புனிதர்களுக்கிடையே ஏறக்குறைய இதுவே நடந்தது. ஒருவர் எழுதிய திருத்தக் கடிதம், உரியவரைத் தவிர மற்ற எல்லாருடைய கைக்கும் போய்ச் சேர்ந்தது. அந்தக் கதையைத்தான் இன்று சிந்திக்க எடுத்துக்கொள்கிறோம்.

முதலாமவர் புனித ஜெரோம். எரோணிமுஸ் என்றும் அவரை அழைப்பார்கள். உரோமையில் திருத்தந்தை தமாசுவுக்கு உதவியாளராக இருந்தவர். 386 முதல் பெத்லகேமில் தங்கித் துறவு மடம் அமைத்து, எபிரேய மூலத்திலிருந்து பழைய ஏற்பாட்டை இலத்தீனில் மொழிபெயர்க்கும் பெரும்பணியில் இறங்கினார். எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் மூன்றிலும் அவருக்கு இணையானவர் அன்று மேற்குத் திருஅவையில் இல்லை. கோபத்திலும் அவருக்கு இணையானவர்கள் அதிகம் இல்லை என்று சொன்னால், புனிதர் நம்மை மன்னிப்பாராக. இரண்டாமவர் புனித அகுஸ்தீனார். 354இல் பிறந்தவர், ஜெரோமைவிட இளையவர். இன்று அல்ஜீரியா நாட்டில் அன்னாபா என்று அழைக்கப்படும் ஹிப்போ நகரில் 391இல் குருவாகி, சில ஆண்டுகளில் அங்கேயே ஆயரானார். இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. எல்லாம் கடிதம்தான். கடிதம் என்றால், கடல் கடந்து போகிற ஒருவரைத் தேடிப் பிடித்து அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அவர்களுக்கிடையே எழுந்த பிரச்சினையே ஒரு திருத்தத்தைப் பற்றியதுதான். கலாத்தியருக்கு எழுதிய திருமுகம் 2ஆம் அதிகாரத்தில் திருத்தூதர் பவுல் அந்தியோக்கியாவில் நடந்ததைச் சொல்கிறார். அங்கே பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்டுவந்தார். எருசலேமிலிருந்து, யாக்கோபின் பக்கத்திலிருந்து சிலர் வந்ததும், அவர்களுக்கு அஞ்சிப் பந்தியிலிருந்து விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள். பர்னபாகூட விலகிவிட்டார். பவுல் எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்தார்.

பந்தி என்றால் என்ன, பந்தியில் ஒருவரை எழுப்பிவிட்டால் என்ன பொருள் என்பதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. பந்தி பிரிந்தால் திருஅவை பிரிகிறது. அதனால்தான் பவுல் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போகவில்லை. இது மத்தேயு நற்செய்தியின் ஒழுங்குக்கு முரணாகாதா என்ற கேள்வி எழலாம். அகுஸ்தீனாரே பின்னாளில் ஒரு மறையுரையில் இதற்கு வழிகாட்டுகிறார்: மறைவில் நடந்த தவற்றை மறைவில் திருத்த வேண்டும், எல்லார் முன்பும் நடந்ததை எல்லார் முன்பும் திருத்த வேண்டும். பேதுருவின் விலகலை ஊரே பார்த்தது. ஊரே அதைப் பின்பற்றவும் தொடங்கியிருந்தது.

ஆனால் தொடக்கத் திருஅவையில் பலருக்கு இந்தப் பகுதி சங்கடமாக இருந்தது. பேதுரு தவறினார் என்று சொல்வதா? பவுல் தலைவரை எதிர்த்தார் என்று சொல்வதா? கிறிஸ்தவ மறையை எதிர்த்த போர்பிரி என்ற மெய்யியலாளர், இந்தத் தலைவர்களுக்குள்ளேயே சண்டை என்று இதைக் காட்டிக் கேலி செய்தார். அந்த வாயை அடைக்க, ஒரிஜன் காலத்திலிருந்து ஒரு விளக்கம் வழங்கிவந்தது. பேதுருவும் பவுலும் உண்மையில் சண்டையிடவில்லை, இரு தரப்புக் கிறிஸ்தவர்களுக்கும் பாடம் கற்பிக்க அப்படி நடித்தார்கள் என்பது அந்த விளக்கம். ஜெரோம் பெத்லகேமுக்கு வந்த புதிதில் எழுதிய கலாத்தியர் விளக்கவுரையில் இதையே ஏற்றுக்கொண்டார். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் ஒருவரையொருவர் கடித்துக் குதறுவதுபோல் வாதாடுவதைத் தாம் உரோமையில் பார்த்ததையும் அதற்கு உவமையாகச் சொன்னார்.

ஹிப்போவில் இளம் குருவாக இருந்த அகுஸ்தீனார் இதைப் படித்துக் கலங்கினார். நல்ல நோக்கத்துக்காக என்றாலும், திருவிவிலியத்தில் ஒரு பொய் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், பிறகு எந்த வரியை நம்புவது? தாம் சொல்வது பொய்யல்ல என்று பவுல் கடவுளைச் சாட்சியாக வைத்துக் கூறுவதும் அதே திருமுகத்தில்தான். பேதுருவின் மானத்தைக் காப்பாற்றப் போய் நற்செய்தியின் மானத்தை விட்டுவிடக் கூடாது என்பது அவர் கவலை. 394 அல்லது 395இல் ஜெரோமுக்கு ஒரு கடிதம் எழுதி, தம் நண்பர் புரோபுத்தூருஸ் கையில் கொடுத்தார். அந்த நண்பர் புறப்படுவதற்குள் ஆயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சிறிது காலத்தில் இறந்தும்போனார். கடிதம் பெத்லகேம் சேரவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, ஆயரான பிறகு, அகுஸ்தீனார் மறுபடியும் எழுதினார். இம்முறை நடை கொஞ்சம் துணிச்சலாகவே இருந்தது. பழங்காலக் கிரேக்கக் கவிஞர் ஒருவர் தாம் பாடியதை மறுத்து வேறு பாட்டுப் பாடிய கதையைச் சொல்லி, ஜெரோமும் அப்படி மறுத்துப் பாட வேண்டும் என்று கேட்டார். கொண்டுபோக வேண்டியவர் இந்த முறையும் பெத்லகேமுக்குப் போகவில்லை. ஆனால் கடிதம் பயணம் செய்தது! யாரோ நகல் எடுத்தார்கள். அந்த நகலுக்கு இன்னொருவர் நகல் எடுத்தார். உரோமையில் பலர் படித்தார்கள். சிசின்னியுஸ் என்ற திருத்தொண்டர் அட்ரியாட்டிக் கடல் தீவு ஒன்றில் வேறு சில நூல்களோடு கலந்துகிடந்த அதன் நகலைக் கண்டெடுத்தார். அதற்குள், அகுஸ்தீன் என்ற ஆப்பிரிக்க ஆயர் உமக்கு எதிராக ஒரு புத்தகமே எழுதி உரோமைக்கு அனுப்பியிருக்கிறார் என்று ஜெரோமின் காதில் போட்டுவிட்டார்கள்.

கடிதம் புத்தகமாகிவிட்டது, திருத்தம் தாக்குதலாகிவிட்டது. இதில் தீய எண்ணம் கொண்டவர் என்று யாரையும் சுட்டிக்காட்ட முடியாது. நகல் எடுத்தவர்கள் கடிதம் அருமையாக இருக்கிறதே என்றுதான் எடுத்திருப்பார்கள். இன்றும் ஒருவர் மற்றவருக்கு அந்தரங்கமாக அனுப்பிய செய்தியை முன்னும் பின்னும் இல்லாமல் நாலு குழுக்களுக்குத் தட்டிவிடுகிறவர்களில் பாதிப்பேர் நல்ல நோக்கத்தோடுதான் அப்படிச் செய்கிறார்கள்.

ஜெரோமின் பதில்களில் சூடு தெரிகிறது. நீர்தான் எழுதினீர் என்றால் உம் கையொப்பத்தோடு அந்தக் கடிதத்தை எனக்கே அனுப்பும் என்று கேட்டார். அதைத் தேன் தடவிய வாள் என்றார். முதியவர் ஒருவரைச் சீண்டிப் பெயர் வாங்கப் பார்க்கிறார் என்று சிலர் தம்மிடம் சொல்வதாகவும் எழுதினார். களைத்துப்போன மாடு காலை அழுத்தி ஊன்றும் என்ற பழமொழியையும் நினைவூட்டத் தவறவில்லை. நியாயமான கோபம்தான். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகளாக ஊரெல்லாம் படித்த கடிதம், அதைப் பெற வேண்டியவருக்கு மட்டும் வந்து சேரவில்லையே!

அகுஸ்தீனார் இதை எப்படி எதிர்கொண்டார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. தாம் புத்தகம் எதுவும் எழுதவில்லை, எழுதியது கடிதம்தான் என்று தெளிவுபடுத்தினார்; அந்தக் கடிதத்தில் தாம் காயப்படுத்தியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று மனமுருகிக் கேட்டார். ஆனால் கேள்வியை மட்டும் திரும்பப் பெறவில்லை. உறவைக் காப்பாற்றுகிறேன் என்று உண்மையை விட்டுவிடுவதும், உண்மையைப் பேசுகிறேன் என்று உறவை உடைப்பதும் நமக்கு எளிதாக வரும். இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்குப் பொறுமை வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு விவகாரம். 403இல் எழுதிய ஒரு கடிதத்தில் அகுஸ்தீனார் ஒயேயா நகரில் நடந்ததைச் சொன்னார். ஒயேயா என்பது இன்று லிபியாவில் உள்ள திரிப்போலி. அவ்வூர் ஆயர் ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பைக் கோவிலில் வாசிக்கச் செய்தார். யோனா நூலில், இறைவாக்கினருக்கு நிழல் தந்த செடியின் பெயர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த பெயராக இல்லை. சுரைக்கொடி என்று கேட்டுப் பழகியவர்களுக்கு ஜெரோமின் புதிய சொல் வேறு ஒரு கொடியைச் சொன்னது. கோவிலில் ஒரே கூச்சல். ஆயர் அவ்வூர் யூதர்களிடம் போய் விசாரிக்க வேண்டியதாயிற்று. கடைசியில், மக்கள் இல்லாத ஆயராகிவிடக் கூடாதே என்று அந்த வாசகத்தை மாற்றிவிட்டார். பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று சொல்லி வளர்ந்தவர்கள் தந்தை, மகன், தூய ஆவி என்று மாறியபோது என்ன பாடுபட்டார்கள் என்பதை நம் பெரியவர்களிடம் கேட்டால் ஒயேயா மக்களின் மனநிலை புரியும். இன்று அறிஞர் பலர் அந்தச் செடியை ஆமணக்கு என்கிறார்கள். ஜெரோமும் அதை அகன்ற இலையுள்ள ஒரு புதர்ச்செடி என்றே தம் பதிலில் விவரித்து, அதற்குச் சரியான இலத்தீன் பெயர் இல்லாததால் பழைய மொழிபெயர்ப்பாளர் சிலரின் சொல்லைப் பயன்படுத்தியதாக விளக்கினார். சுரைக்காய்ப் பிரியர்களைப் பற்றி ஒரு நக்கலும் கூடவே வந்தது.

இந்த நிகழ்ச்சியைக் காட்டி, எபிரேயத்தை விட்டுவிட்டு எழுபதின்மரின் கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்தே மொழிபெயர்க்க வேண்டும் என்பது அகுஸ்தீனாரின் கோரிக்கை. ஜெரோம் அதை ஏற்கவில்லை. பின்வந்த வரலாறு இந்தக் காரியத்தில் ஜெரோமின் பக்கமே நின்றது. அவருடைய பணியை மையமாகக் கொண்ட வுல்காத்தா மொழிபெயர்ப்பை 1546இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதிகாரபூர்வமானதாக அறிவித்தது. ஆனால் அத்தனை காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 405ஆம் ஆண்டளவில் அகுஸ்தீனார் ஜெரோமுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், எபிரேயத்திலிருந்து மொழிபெயர்ப்பதன் பயனை நீர் எனக்கு உணர்த்திவிட்டீர் என்று ஒப்புக்கொள்கிறார். பழக்கப்பட்ட வாசகத்தைத் திடீரென மாற்றினால் மக்கள் இடறிவிடுவார்களோ என்ற ஆயருக்குரிய அச்சம் மட்டும் அவரை விடவில்லை.

அதே கடிதத்தில்தான் கலாத்தியர் பகுதியைப் பற்றித் தம் நிலையை உறுதியாக நிறுவுகிறார். ஒரு கையால் திருத்துகிறார், மறு கையால் திருத்தத்தை வாங்கிக்கொள்கிறார். திருவிவிலியம் என்ற திறந்தவெளியில் ஒருவரையொருவர் நோகடிக்காமல் விளையாடுவோம் என்று ஜெரோம் சமாதானமாக எழுதியிருந்தார். தமக்கு இது விளையாட்டாகத் தெரியவில்லை, மூச்சிரைக்க மலையேறுவதாகவே இருக்கிறது என்பதுபோல் அகுஸ்தீனார் பதில் சொன்னார். மேலும், திருஅவையின் பட்டங்களின்படி ஆயர் குருவைவிடப் பெரியவர்தான், ஆனாலும் பல காரியங்களில் அகுஸ்தீன் ஜெரோமைவிடச் சிறியவன் என்றும் எழுதினார். தமக்குக் கீழ் இருப்பவர் திருத்தினாலும் அதை வெறுக்கக் கூடாது என்று அதோடு சேர்த்துக்கொண்டார்.

பேதுருவைப் பற்றி அவர் அங்கே எழுதியது ஒவ்வொரு பங்கு இல்லத்திலும் தொங்கவிடத் தகுந்தது. பவுலின் துணிவு புகழ்ச்சிக்குரியதுதான். மேலிருப்பவர் தவறும்போது உண்மைக்காகப் பேச இளையவர்களுக்கு அவர் முன்மாதிரி தந்தார். ஆனால் பேதுரு தந்த முன்மாதிரி அதைவிட அரியது, அதைவிடப் புனிதமானது. தலைமைப் பொறுப்பில் இருந்துகொண்டு, தமக்குப் பின்னால் அழைக்கப்பட்ட ஒருவரின் கண்டிப்பைத் தாழ்மையோடு ஏற்றாரே! இதை நடிப்பு என்று சொன்னால் பேதுருவின் அந்தப் பெருமையே பறிபோகிறது. பேதுருவைக் காப்பாற்ற நினைத்த விளக்கம் அவருக்கு இழப்பைத்தான் ஏற்படுத்தியது. இவர்களுக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே, கார்த்தேஜ் நகர ஆயரும் மறைசாட்சியுமான புனித சிப்ரியானும், பவுல் வாதிட்டபோது பேதுரு தம் முதன்மையைக் காட்டி வாயடைக்கவில்லை என்று எழுதியிருந்தார்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் சகோதரத் திருத்தத்தைப் பற்றிப் பேசும்போது, அதை அன்பின் செயல்களில் சேர்த்து, ஆன்மாவுக்கு இடும் பிச்சையாகவே பார்க்கிறார். மேலதிகாரியை எளியவர் திருத்தலாமா என்ற கேள்விக்கு அவர் எடுத்துக்காட்டுவதும் இதே அந்தியோக்கியா நிகழ்ச்சியைத்தான், அகுஸ்தீனாரின் இதே விளக்கத்தைத்தான். குருமடத்தில் இதைப் படிக்கும்போது குருக்களாகிய நாங்கள் எல்லாரும் பவுலின் இடத்தில் நின்றே படித்தோம். பங்குக்கு வந்து சில ஆண்டுகள் ஆன பிறகுதான், பந்தியில் நம் நாற்காலி பேதுருவின் பக்கத்தில் போடப்பட்டிருக்கிறது என்று தெரிகிறது. பங்குப்பேரவையில் ஒரு இளைஞர் எழுந்து கணக்கைப் பற்றியோ, திருவிழா முடிவுகளில் ஒரு தெரு மட்டும் தொடர்ந்து விடுபட்டுப்போவதைப் பற்றியோ கேட்கும்போது, நாம் பேதுருவைப்போல் கேட்கிறோமா? அன்பியக் கூட்டத்தில் ஒரு தாய், சாமி, நீங்கள் அந்த வீட்டில் பேசியது அவர்களை நோகடித்துவிட்டது என்று சொன்னால், அடுத்த மாதமும் அப்படிச் சொல்ல அவருக்குத் துணிவு இருக்குமா? வீடுகளில் அப்பாக்களும், பள்ளிகளில் தலைமையாசிரியர்களும், பக்த சபைகளில் தலைவர்களும் இதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறார்கள்.

திருத்துகிறவர்களுக்கும் அகுஸ்தீனார் கடுமையான விதிகளை வைத்தார். அவருடைய துறவற ஒழுங்கில் மத்தேயு 18 அப்படியே நடைமுறை விதியாகியிருக்கிறது: முதலில் தனியாக, பிறகு சாட்சிகளோடு, பிறகு மடத்தலைவர் முன். உடம்பில் புண்ணை வைத்துக்கொண்டு வைத்தியருக்குப் பயந்து மறைக்கும் சகோதரரைப் பற்றி நாம் வாய்திறக்காமல் இருந்தால் அது இரக்கமா, கொடுமையா என்று அங்கே கேட்கிறார். அவருடைய வரலாற்றை எழுதிய ஆயர் பொசிதியுஸ் ஒரு செய்தி தருகிறார். இல்லாதவர்களைப் பற்றிப் புறணி பேசுகிறவருக்கு இந்த மேசையில் இடமில்லை என்ற கருத்துள்ள வரிகளை அகுஸ்தீனார் தம் உணவு மேசையில் எழுதி வைத்திருந்தார். ஒருமுறை சில ஆயர்கள், அவருக்கு மிக நெருக்கமானவர்கள், அதை மறந்து பேசத் தொடங்கினார்கள். ஒன்று அந்த எழுத்தை அழித்துவிடுங்கள், இல்லையென்றால் நான் சாப்பாட்டின் நடுவிலேயே எழுந்து அறைக்குப் போகிறேன் என்று அவர்களைக் கடிந்துகொண்டார். தம் கடிதம் ஊரெல்லாம் சுற்றியதால் எழுந்த துன்பத்தை அனுபவித்த மனிதர் அவர்.

இந்த உறவு முறிந்துபோயிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. ஜெரோமுக்கு ருபீனுஸ் என்று இளமைக்கால நண்பர் ஒருவர் இருந்தார். ஒருவருக்காக ஒருவர் உயிரைக் கொடுப்பார்கள் என்று சொல்லத்தக்க நட்பு. ஒரிஜனின் நூல்களைப் பற்றிய சச்சரவில் இருவரும் மாறிமாறிக் கண்டன நூல்கள் எழுதி நாறடித்துக்கொண்டார்கள். அதைப் படித்த அகுஸ்தீனார், இருவரையும் ஒரே இடத்தில் காண முடிந்தால் அவர்கள் காலில் விழுந்து அழுது கெஞ்சுவேன் என்று ஜெரோமுக்கே எழுதினார். பயனில்லை. ருபீனுஸ் சிசிலியில் இறந்த பிறகும் ஜெரோம் அவரைத் தேளுக்கு ஒப்பிட்டு எழுதினார். ஒரே மனிதர்தான், ஒரு நட்பு கல்லறையைத் தாண்டியும் கசந்தது, மற்றது பிழைத்தது. அகுஸ்தீனார் பதிலுக்குப் பதில் எழுதவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு பெரிய காரணம் நமக்குத் தெரியவில்லை.

ஜெரோம் தம் கலாத்தியர் விளக்கத்தைத் திரும்பப் பெறுவதாக அகுஸ்தீனாருக்குக் கடிதம் எழுதவில்லை. ஆனால் 415இல் பெலாஜியுசின் கொள்கைக்கு எதிராக அவர் எழுதிய உரையாடல் நூலில், குறையே இல்லாத ஆயர் உண்டா என்ற விவாதம் வரும்போது, நற்செய்தியின் உண்மைக்கேற்பப் பேதுருவே நேராக நடக்காத ஒரு வேளை இருந்தது என்று போகிறபோக்கில் எழுதிச் சென்றார். நடிப்பு என்ற பேச்சே அங்கில்லை. அடுத்த ஆண்டு அகுஸ்தீனார் ஒரு நண்பருக்கு எழுதும்போது இதைக் கவனித்துச் சொல்கிறார். பத்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 415இல், அகுஸ்தீனார் ஒரோசியுஸ் என்ற இளம் குருவைப் பெத்லகேமுக்கு அனுப்பினார். அறுபது வயது கடந்த, புகழின் உச்சியில் இருந்த ஆயர், மனித ஆன்மாவின் தோற்றம் பற்றியும் யாக்கோபு திருமுகத்தின் ஒரு வசனம் பற்றியும் தமக்கு வழிகாட்டும்படி இரண்டு நீண்ட கடிதங்களில் அந்த முதியவரைக் கேட்டிருந்தார். கேள்வி நன்று, ஆனால் பதில் எழுத இப்போது நேரமில்லை என்று ஜெரோம் சொல்லியனுப்பினார். அகுஸ்தீனார் காத்திருந்தார். ஜெரோமின் பதில் என்றாவது வந்தால் இரண்டையும் சேர்த்து வெளியிடலாம் என்று, அவர் உயிரோடிருந்தவரை அந்த நூல்களை வெளியிடவில்லை. 420ஆம் ஆண்டளவில் பெத்லகேமிலிருந்து மரணச் செய்தி வந்த பிறகுதான் அவற்றை மக்கள் கையில் கொடுத்தார்.